உப்பு போட்டும் ஐசோடானிக் ஆகவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

மருந்துக் கரைசலில் டானிசிட்டி, அதாவது உயிரணுவிலிருந்து தண்ணீரை இழுக்கும் சக்தி, ரத்தத்துக்கும் கண்ணீருக்கும் சமமாக இருந்தால் அது ஐசோடானிக். அது குறைவு என்று தெரிந்ததும் கை தானாக உப்பு டப்பாவைத் தேடும். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சோடியம் குளோரைடைப் போட்டால், கரைந்த துகள்களை அளக்கும் ஆஸ்மோமீட்டரின் எண் ஏறத்தான் செய்யும். ஆனால் அந்த எண் ஏன் குறைந்தது என்ற கேள்வி பதில் இல்லாமல் பாட்டிலுக்குள்ளேயே கிடக்கும். மருந்து குறைவாக விழுந்திருக்கலாம், பிஎச்-ஐ நிலையாக வைத்திருக்கும் பஃபர் தவறியிருக்கலாம், தண்ணீர் கூடியிருக்கலாம். உப்பு இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரி மூடி மறைத்துவிடும். அதனால் இந்த வழிமுறையில் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் காரணம், அதற்குப் பிறகுதான் உப்பு.

தொடங்குவதற்கு முன் சரியாக வந்த ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். பிழை தேடும்போது இதைத்தான் திரும்பத் திரும்ப ஒப்பிடப் போகிறோம்.

வேண்டியது 1% பைலோகார்ப்பின் ஹைட்ரோகுளோரைடு கண் சொட்டு மருந்து, 30 மி.லி. பைலோகார்ப்பின் ஹைட்ரோகுளோரைடின் இ-மதிப்பு, அதாவது சோடியம் குளோரைடு ஈக்விவலண்ட், 0.24. ஒரு கிராம் மருந்து 0.24 கிராம் உப்பு செய்யும் வேலையைச் செய்கிறது என்று பொருள். 30 மி.லி.யில் மருந்து 300 மி.கி.; அது 72 மி.கி. உப்புக்குச் சமம். மருந்தே இல்லாமல் 30 மி.லி. தண்ணீரை ஐசோடானிக் ஆக்க 0.9% வீதம் 270 மி.கி. உப்பு வேண்டும். 270-இல் 72 போக, சேர்க்க வேண்டியது 198 மி.கி.

இதையே இன்னொரு வழியில் சோதிக்கலாம். 300 மி.கி. மருந்தை எவ்வளவு தண்ணீரில் கரைத்தால் அது மட்டுமே ஐசோடானிக் ஆகும்? 0.3 × 0.24 × 111.1 = 8 மி.லி. (1 கிராம் உப்பை 111.1 மி.லி.யில் கரைத்தால் 0.9% வரும், அந்த எண் அதுதான்.) மீதி 22 மி.லி.க்கு 0.9% சலைன், அதாவது உப்புக்கரைசல், ஊற்றினால் போதும். 22 மி.லி. சலைனில் இருக்கும் உப்பு 22 × 9 = 198 மி.கி. இரண்டு வழியும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறது. புதிதாக ஒரு ஃபார்முலா கையில் வரும்போதெல்லாம் நான் இரண்டு வழியிலும் போட்டுப் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தராசுப் பக்கமே போக மாட்டேன்.

சேர்க்க வேண்டிய உப்பு மைனஸில் வருகிறது

கணக்கில் தவறு இல்லை என்றால் இதற்கு ஒரே பொருள்தான்: மருந்து தனியாகவே 0.9%-ஐத் தாண்டிவிட்டது. 10% சல்ஃபாசிடமைடு சோடியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இ-மதிப்பு 0.23. 30 மி.லி.யில் 3 கிராம் மருந்து, 690 மி.கி. உப்புக்குச் சமம். தேவையோ 270 மட்டும். அதாவது 2.3% உப்புக்கரைசல் மாதிரி அது ஏற்கெனவே ஹைப்பர்டானிக், ஐசோடானிக் அளவைத் தாண்டியது.

இங்கே உப்புக்கு வேலையே இல்லை. தண்ணீர் ஊற்றிச் சரிசெய்யலாமே என்று தோன்றும். ஊற்றினால் மருந்தின் சதவீதம் குறைந்துவிடும், மருத்துவர் எழுதியது அது அல்ல. கண்ணுக்கான சொட்டு என்றால் ஹைப்பர்டானிக்காகவே விட்டுவிடலாம், கொஞ்சம் எரியும், அவ்வளவுதான். ஊசி மருந்து என்றால் எழுதியவரிடம் பேசி, செறிவைக் குறைத்து அளவைக் கூட்டலாமா என்று கேட்க வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லாப் பாட்டிலிலும் கொஞ்சம் சலைன் ஊற்றும் கைகள் உண்டு. இந்த இடத்தில் அந்தக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஆஸ்மோமீட்டர் 308 காட்டவில்லை

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இது பிழையே இல்லாத இடத்தில் பிழை தேடும் கதை.

பாடப்புத்தகக் கணக்கு இப்படிப் போகும்: ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு, மூலக்கூறு எடை 58.44, எனவே 154 மில்லிமோல். ஒவ்வொன்றும் சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரியும், ஆக 308 மில்லி ஆஸ்மோல் (கரைந்த துகள்களை எண்ணும் அலகு). சலைன் பாட்டில் லேபிளிலும் 308 என்றுதான் அச்சடித்திருக்கும். சரி, அதே சலைனை உறைநிலை ஆஸ்மோமீட்டரில் வைத்துப் பாருங்கள். 286-ஐ ஒட்டித்தான் காட்டும்.

கருவி கெட்டுப்போகவில்லை. கரைந்த சோடியமும் குளோரைடும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேதான் இருக்கின்றன. முழுச் சுதந்திரத்தோடு திரியும் இரண்டு துகள்களைப் போல அவை நடப்பதில்லை. இந்தச் செறிவில் ஆஸ்மோட்டிக் கெழு சுமார் 0.93. 308-ஐ அதனால் பெருக்கினால் 286. லேபிளில் இருப்பது ஒரு லிட்டர் கரைசலுக்கான தாள் கணக்கு, கருவி சொல்வது ஒரு கிலோ தண்ணீருக்கான நிஜ அளவு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக்கூடாது.

ஒருமுறை பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, நான் பக்கத்து அறைக்குப் போய்விட்டு வருவதற்குள், எண் 308 ஆகும்வரை உப்பைத் தூவிக்கொண்டே இருந்தான். "அண்ணா, இப்போ கரெக்டா வந்துடுச்சு" என்று பெருமையாக வேறு காட்டினான். கணக்குப் போட்டால் அது 0.97% ஆகியிருந்தது. கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லைதான். ஆனால் பதிவேட்டில் எழுதியிருந்த உப்பின் எடையும் பாட்டிலில் இருந்த உப்பின் எடையும் வேறு வேறு ஆகிவிட்டதால் அந்தத் தொகுதியைக் கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனவே முதலில் செய்ய வேண்டியது: சந்தேகம் வந்தால் உங்கள் கரைசலுக்குப் பக்கத்தில் நல்ல 0.9% சலைனையும் அதே கருவியில் வைத்து அளந்து பாருங்கள். உங்கள் இலக்கு அந்த எண், லேபிளில் இருப்பது அல்ல.

சலைன் சரியாகக் காட்டுகிறது, என் கரைசல் மட்டும் குறைவு

இப்போதுதான் நிஜமான பிழை. நான் தேடும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் சந்தேகம் ஹைட்ரேட்டின் மீது. ஒரே பெயரில் ஒரே அலமாரியில் நிற்கும் இரண்டு பாட்டில்களில் ஒன்று தண்ணீரைச் சுமந்திருக்கும், மற்றது சுமந்திருக்காது. டெக்ஸ்ட்ரோஸில் வித்தியாசம் சின்னது: நீரற்றதற்கு இ-மதிப்பு 0.18, மோனோஹைட்ரேட்டுக்கு 0.16. பாஸ்பேட் பஃபரில் அது பெரிய அடி. டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் நீரற்றது 0.53, ஏழு நீர் மூலக்கூறு கொண்டது 0.29.

இது எனக்கே நடந்தது. ஒரு லிட்டர் தொகுதி, ஃபார்முலாவில் நீரற்ற பாஸ்பேட் 8 கிராம். அலமாரியில் இருந்த பாட்டில் தீர்ந்துபோய், புதிதாக வந்ததைத் திறந்து எடை போட்டோம். வேதிப்பெயரைப் பார்த்தோம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த ஹெப்டாஹைட்ரேட்டைப் பார்க்கவில்லை. எதிர்பார்த்தது 286, வந்தது 225-ஐ ஒட்டி. பிறகு தாளில் போட்டுப் பார்த்தேன்: 8 × 0.53 = 4.24 கிராம் உப்புக்குச் சமமாக இருந்திருக்க வேண்டும். 8 × 0.29 = 2.32 தான் கிடைத்திருக்கிறது. குறைந்தது 1.92 கிராம், அதாவது கிட்டத்தட்ட 0.19% உப்பு. ஆஸ்மோமீட்டரில் அது 61 மில்லி ஆஸ்மோல். கருவி ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் 1.92 கிராம் உப்பைப் போட்டிருந்தால் எண் அழகாக 286-க்கு வந்திருக்கும். ஆனால் கரைசலில் பாஸ்பேட் பாதி அளவுதான் இருந்திருக்கும், பிஎச் கீழே இறங்கியிருக்கும், பஃபர் தாங்கும் சக்தியும் போயிருக்கும். டானிசிட்டி சோதனையில் தேறி, மற்ற எல்லாவற்றிலும் தோற்ற ஒரு பாட்டில். உப்பைப் போடாமல் பிஎச் மீட்டரை எடுத்ததால்தான் பிடிபட்டது. அன்றிலிருந்து டானிசிட்டி எண் தவறினால் நான் தொடும் முதல் பொருள் பிஎச் மீட்டர்தான். இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் பஃபர் பக்கம் போங்கள். பிஎச் அசையவில்லை, எண் மட்டும் குறைவு என்றால் உப்பு, தண்ணீர், மருந்து ஆகிய மூன்றில் ஒன்று.

அடுத்து தண்ணீர். எல்லாவற்றையும் முழு அளவுத் தண்ணீரில் கரைத்திருக்கிறீர்களா, அல்லது முக்கால் அளவில் கரைத்து, பிறகு கோடுவரை நிரப்பியிருக்கிறீர்களா? 100 மி.லி. தண்ணீரை அளந்து அதில் பொடிகளைக் கொட்டினால் கரைசல் 100 மி.லி.யைத் தாண்டும். சாதாரணச் செறிவில் வித்தியாசம் சின்னதுதான், பொடி அதிகமான ஃபார்முலாவில் நன்றாகவே தெரியும். சூடாக்கிக் கரைத்தவர்கள் ஆறும்வரை காத்திருந்து கோட்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்து தராசு. 198 மி.கி. உப்பை 10 மி.கி. துல்லியம் உள்ள தராசில் எடை போடுவது சீட்டுப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம். சிறிய அளவு வேண்டும்போது உப்பை எடை போடாதீர்கள். மேலே சொன்ன 22 மி.லி. வழியில் தயாரான சலைனை அளந்து ஊற்றுங்கள். கையிருப்பு உப்பு ஈரமாக இருந்தாலும் எடை ஏமாற்றும். தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75%-ஐத் தாண்டினால் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். டப்பாவில் கட்டி தட்டியிருந்தால் 105 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் உலர்த்தி, ஆறவைத்து, பிறகு எடை போடுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, உப்பு மட்டும்தான் குறைவு என்று உறுதியாகிவிட்டது. தயாரிப்பு விதிமுறையும் திருத்த அனுமதிக்கிறது. இன்னும் ஸ்டெரைல் (கிருமிநீக்கம்) செய்யவில்லை. அப்போது இப்படிக் கணக்கிடுங்கள். 100 மி.லி.யில் 0.9 கிராம் உப்பு 286 தருகிறது என்றால் 1 கிராம் சுமார் 318 தரும். உங்கள் கரைசல் 260 காட்டுகிறது, வேண்டியது 286, குறைவு 26. 26-ஐ 318-ஆல் வகுத்தால் 0.082 கிராம், இது 100 மி.லி.க்கு. 500 மி.லி. தொகுதிக்கு 0.41 கிராம். போட்டு, கரைத்து, மறுபடி அளந்து, போட்ட எடையைப் பதிவேட்டில் எழுதுங்கள்.

எண் கூடுதலாக இருந்தால் இந்த மாதிரிக் குறுக்கு வழி கிடையாது. தண்ணீர் ஊற்றினால் மருந்து நீர்த்துவிடும். புதிதாகத் தயாரிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு முறை அளக்கும்போதும் வேறு எண்

இது கரைசலின் குற்றமாக இருப்பது அபூர்வம். 290 மில்லி ஆஸ்மோல் தர நிர்ணயக் கரைசலை வைத்துப் பாருங்கள். அதுவே ஆடினால் கருவியைக் கவனியுங்கள். அது நிலையாக நின்று உங்கள் மாதிரி மட்டும் ஆடினால், மாதிரிக் குழாயில் காற்றுக்குமிழ் இருக்கிறதா, தூசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருவி மாதிரியை உறைநிலைக்கும் கீழே சில டிகிரி வரை உறையவிடாமல் குளிர்வித்து, பிறகுதான் வேண்டுமென்றே உறைய வைக்கும். தூசு இருந்தால் அதற்கு முன்பே உறைந்து எண்ணைக் கெடுத்துவிடும்.

கண் சொட்டுகளில் ஹைப்ரோமெல்லோஸ் மாதிரி கெட்டியாக்கும் பொருள் இருந்தால் எண் சிதறுவது வழக்கம். கெட்டியான திரவம் ஒழுங்காக உறைவதில்லை. நான் கெட்டியாக்கியைச் சேர்ப்பதற்கு முன்பே டானிசிட்டியை அளந்துவிடுவேன். பெரிய மூலக்கூறுகள் என்பதால் அவை எண்ணிக்கையில் சேர்ப்பது சொற்பம்தான். ஆல்கஹால் உள்ள கரைசலை ஆவியழுத்த ஆஸ்மோமீட்டரில் வைக்கவே கூடாது.

உப்பு போட்டதும் கலங்குகிறது அல்லது வெள்ளையாகப் படிகிறது

உப்பு என்றால் சாதுவான பொருள் என்ற நினைப்பு நமக்கு. ஆனால் அது குளோரைடு. குளோரைடோடு சண்டை போடும் மருந்துகள் கணிசமாக உண்டு.

பழைய உதாரணம் சில்வர் நைட்ரேட். பிறந்த குழந்தைகளின் கண்ணில் விட, 1880-களில் ஜெர்மனியில் கிரேடே என்ற மருத்துவர் பரப்பிய மருந்து. பிறகு 1% கரைசலாக நிலைத்தது. இதில் ஒரு சிட்டிகை சோடியம் குளோரைடு போட்டால் அந்த நொடியே தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக வீழ்படிவு இறங்கும். அது சில்வர் குளோரைடு. வெளிச்சத்தில் வைத்தால் மெல்ல ஊதாவாகிக் கறுக்கும். டானிசிட்டி கிடக்கட்டும், கண்ணுக்குப் போக வேண்டிய வெள்ளியே அடியில் போய்விட்டது.

இதற்கு வழி, உப்பின் இடத்தில் நைட்ரேட்டை வைப்பதுதான். 30 மி.லி. 1% கரைசலில் சில்வர் நைட்ரேட் 300 மி.கி., இ-மதிப்பு 0.33, எனவே 99 மி.கி. உப்புக்குச் சமம். 270-இல் அது போக 171 மி.கி. உப்பு வேண்டியிருக்கிறது. அந்த 171-ஐ உப்பாகப் போடாமல் சோடியம் நைட்ரேட்டாகப் போடுங்கள். அதன் இ-மதிப்பு 0.68, 171-ஐ 0.68-ஆல் வகுத்தால் 251 மி.கி. இந்தக் கடைசி வகுத்தலை மறப்பவர்கள் நிறையப் பேர். 171 மி.கி. சோடியம் நைட்ரேட்டைப் போட்டுவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள். உப்பு அல்லாத எதைப் பயன்படுத்தினாலும் கடைசியில் அதன் இ-மதிப்பால் வகுக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. பாதுகாப்புப் பொருளாகச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு சோடியம் குளோரைடோடு ஒத்துப்போகும், நைட்ரேட்டோடு ஒத்துப்போகாது. பினைல்மெர்க்குரிக் நைட்ரேட்டுக்குக் குளோரைடு ஆகாது. குளோரெக்சிடினும் குளோரைடைக் கண்டால் கலங்கும். ஆக, மருந்தை மட்டும் பார்த்து உப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பாதுகாப்புப் பொருளை மறந்தால் அதே வெள்ளைப் படிவைத்தான் திரும்பப் பார்ப்பீர்கள்.

ஊசி மருந்துகளில் வழக்கமான ஆம்ஃபோடெரிசின் பி சலைனில் திரிந்து படிந்துவிடும். 5% டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும். ஆக்சாலிபிளாட்டினும் குளோரைடில் சிதையும், அதற்கும் டெக்ஸ்ட்ரோஸ்தான். அதே பிளாட்டினம் குடும்பத்துச் சிஸ்பிளாட்டினுக்கோ குளோரைடு இருந்தால்தான் நிலைப்பு. பெயர் ஒன்றுபோல் ஒலிக்கிறதே என்று ஒன்றின் வழக்கத்தை மற்றதற்குப் போடாதீர்கள்.

ஹைட்ரோகுளோரைடு மருந்துகளில் இன்னொரு வகைத் தொல்லை. கலக்கும்போது தெளிவாக இருக்கும், ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் அடியில் ஊசி ஊசியாகப் படிகம். கரைசலில் குளோரைடு கூடியதால் அந்த மருந்தின் கரைதிறன் குறைந்துவிட்டது, குளிர் மீதி வேலையைச் செய்தது. செறிவு கரைதிறனின் விளிம்பில் இருக்கும் மருந்துக்கு உப்புக்குப் பதில் மன்னிடால் அல்லது டெக்ஸ்ட்ரோஸ் போடலாம்.

துத்தநாக சல்ஃபேட் கலங்கினால் உப்பைக் குறை சொல்லாதீர்கள். பாஸ்பேட் பஃபரைத்தான் விசாரிக்க வேண்டும். துத்தநாகத்துக்குப் போரிக் அமிலம் பொருத்தம்.

எதுவாக இருந்தாலும், முழுத் தொகுதியில் உப்பைக் கொட்டுவதற்கு முன் ஒரு சோதனைக்குழாயில் 2 மி.லி. எடுத்து, அதில் உப்புக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

எண் சரியாக இருக்கிறது, ஆனால் சிவப்பணு உடைகிறது

கருவி 286 என்கிறது. ஒரு சொட்டு ரத்தத்தை அந்தக் கரைசலில் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துச் சுழற்றுகிறீர்கள். சலைனில் என்றால் அணுக்கள் அடியில் சிவப்புப் பொத்தானாக உட்கார்ந்து மேலே திரவம் தெளிவாக நிற்கும். இங்கேயோ அடியில் ஒன்றும் இல்லை, குழாய் முழுக்க ரோஜாப்பூ ஷர்பத் நிறம். அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்துவிட்டது.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு உடலியலாளர் ஹாம்பர்கர் சிவப்பணுக்களை வைத்து உப்புக்கரைசலின் செறிவைச் சோதித்த அதே வழிதான் இது. கருவிக்கும் சிவப்பணுவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கருவி துகள்களை எண்ணும். சிவப்பணு, எந்தத் துகள் வெளியே நிற்கிறது, எது உள்ளே நுழைகிறது என்று பார்க்கும். 1.9% போரிக் அமிலமும் 1.63% யூரியாவும் 2.6% கிளிசரினும் துகள் எண்ணிக்கையில் சலைனுக்குச் சமம். ஆனால் இவை அணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போய்விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். அணு உப்பி வெடிக்கும். அதாவது இவை ஐசோஆஸ்மோட்டிக், ஐசோடானிக் அல்ல.

திருத்தம் எளிது. ரத்தத்தில் கலக்கப்போகும் கரைசலில் இவை இருந்தால் இவற்றின் இ-மதிப்பைப் பூஜ்ஜியம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஊடுருவாத பொருட்கள் மட்டுமே 0.9% உப்புக்குச் சமமாக வரட்டும். அப்போது கருவி 286-க்கு மேல் காட்டும், காட்டட்டும். கண் சொட்டில் போரிக் அமிலத்தைத் தாராளமாகக் கணக்கில் எடுக்கலாம். கருவிழியின் மேல்தோல் சிவப்பணுவின் சவ்வைப் போல அதை உள்ளே விடுவதில்லை.

கண்ணில் விட்டால் எரிகிறது

டானிசிட்டி மீது பழி போடுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். கண் 0.6% முதல் 1.8% வரை உப்புக்குச் சமமான எதையும் பெரிய எதிர்ப்பு இல்லாமல் ஏற்கும். ஒரு சொட்டு சுமார் 50 மைக்ரோலிட்டர். கண்ணீர் உடனே வந்து அதைக் கழுவிவிடும். எனவே 260-க்கும் 300-க்கும் இடையில் நின்றுகொண்டு உப்பைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. பெரும்பாலும் காரணம் பிஎச்தான். ஹைட்ரோகுளோரைடு மருந்துகள் அமிலப் பக்கம் நிற்கும், அதோடு பஃபர் வலுவாகவும் இருந்தால் கண்ணீரால் அதைச் சமன் செய்ய முடியாது. சில மருந்துகள், டெட்ராகெய்ன் மாதிரி, எப்படித் தயாரித்தாலும் முதலில் எரியும்.

எரிச்சலுக்காக டானிசிட்டியைப் பார்க்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு: ஹைப்பர்டானிக் சொட்டு கண்ணீரை அதிகம் வரவழைத்து மருந்தையும் வெளியே தள்ளும்போது. அப்போது எரிச்சலைவிட மருந்து வேலை செய்யவில்லை என்பதே பெரிய குறை. 5% உப்புச் சொட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கருவிழி வீக்கத்தை வற்றவைக்க வேண்டுமென்றே அப்படிச் செய்யப்பட்டது.

நரம்பில் ஏற்றும்போது வலி, சிவப்பு

நோயாளியிடம் இப்படி நடந்தால் முதலில் ஏற்றுவதை நிறுத்தி மருத்துவரிடம் சொல்வது, பாட்டிலை எடுத்து வைப்பது. கணக்கு அதற்குப் பிறகு. கணக்குக்கு உட்காரும்போது, பொடியை எதில் கரைத்தார்கள் என்று கேளுங்கள். ஆம்பிசிலின் சோடியம் 1 கிராமை 10 மி.லி. ஊசித் தண்ணீரில் கரைத்தாலே அது 1.6% உப்புக்குச் சமம். தண்ணீருக்குப் பதில் சலைனில் கரைத்தால் 2.5%. நல்லது செய்வதாக நினைத்து ஹைப்பர்டானிக்கை இன்னும் ஏற்றிவிட்டோம்.

எதிர்த்திசைப் பிழை இதைவிட ஆபத்து. எதுவும் கரைக்காத ஊசித் தண்ணீர் நேரடியாக நரம்பில் போனால் சிவப்பணுக்கள் உடையும், உப்பு 0.45%-ஐ ஒட்டி இறங்கும்போதே உடைவு தொடங்கி, 0.3% வாக்கில் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். அப்புறம் அந்த 23.4% சோடியம் குளோரைடு குப்பி. அது நீர்த்துக் கலப்பதற்கான மூலப்பொருள், அப்படியே போடும் ஊசி அல்ல. சாதா சலைன் குப்பிகளோடு ஒரே தட்டில் அதை வைத்திருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் இடம் மாற்றி வையுங்கள்.

தண்டுவடத் திரவத்தில் போடும் ஊசிக்குக் கண்ணுக்குக் கொடுத்த சலுகை எதுவும் கிடையாது. ஐசோடானிக்காக இருக்க வேண்டும், பாதுகாப்புப் பொருள் இருக்கக்கூடாது.

அட்டவணையில் என் மருந்தே இல்லை

மூலக்கூறு எடை தெரிந்தால் இ-மதிப்பை மதிப்பிடலாம்: 17-ஐ எல்-ஐசோ எண்ணால் பெருக்கி மூலக்கூறு எடையால் வகுக்கவும். எல்-ஐசோ என்பது மருந்து எத்தனை துகளாகப் பிரிகிறது என்பதைப் பொறுத்தது. பிரியாதவற்றுக்கு 1.9, ஹைட்ரோகுளோரைடு போல ஒன்றுக்கு ஒன்றாகப் பிரிபவற்றுக்கு 3.4, துத்தநாக சல்ஃபேட் வகைக்கு 2.0. 17 எங்கிருந்து வந்தது என்றால், உப்பின் 58.44-ஐ அதன் 3.4-ஆல் வகுத்துப் பாருங்கள்.

தெரிந்த மருந்தை வைத்துச் சோதிப்போம். பைலோகார்ப்பின் ஹைட்ரோகுளோரைடு, எடை 244.7: 17 × 3.4 ÷ 244.7 = 0.236. அட்டவணை 0.24. மன்னிடால், எடை 182.2: 0.177. அட்டவணை 0.18. நன்றாக வருகிறது. இப்போது துத்தநாக சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட், எடை 287.5: 0.118. அட்டவணையோ 0.15. ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இரட்டை மின்சுமை உள்ள உப்புகளில் இந்தச் சூத்திரத்தை நம்பி ஊசி மருந்து தயாரிக்காதீர்கள், கருவியில் அளந்துவிடுங்கள். இ-மதிப்பு செறிவு கூடக் கூடக் கொஞ்சம் இறங்கும் என்பதும் நினைவிருக்கட்டும். 1%-க்கான மதிப்பை 5%-க்குப் போட்டால் உப்பு தேவைக்குக் குறைவாகவே விழும்.

தயாரித்த அன்று சரி, சில மாதத்தில் எண் ஏறிவிட்டது

பிளாஸ்டிக் சொட்டுப் பாட்டில் என்றால் முதலில் பாட்டிலை எடை போடுங்கள். எல்.டி.பி.இ. என்ற மெல்லிய வகைப் பிளாஸ்டிக் சுவர் வழியாகத் தண்ணீர் ஆவியாகக் கசியும், வறண்ட காற்றில் இன்னும் வேகமாக. எடை 5% குறைந்திருந்தால் 286 என்பது 301 ஆகியிருக்கும். மருந்தும் அதே விகிதத்தில் கெட்டியாகியிருக்கும். எடை குறையவில்லை, எண் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு மூலக்கூறு இரண்டாக உடைந்துகொண்டிருக்கிறது. டெக்ஸ்ட்ரோஸ் உள்ள கரைசலை ஆட்டோகிளேவில் நீண்ட நேரம் வைத்திருந்தால் நிறமும் மஞ்சளாகியிருக்கும். அப்போது டானிசிட்டியை விட்டுவிட்டு மருந்தின் அளவுச் சோதனைக்கு அனுப்புங்கள்.